இரண்டாம் வரி

ஞானஸ்நானம் பெற்ற நான்காம் வாரம்
ஆலயத்தின் பின்புறம் கோழி அறுத்துக்கொண்டிருந்தேன்.
புதுக்கூரைக்கு நன்றி சொல்லும் விருந்து.
தகரக் கூரை. கோரைப்புல் இல்லை,
உச்சியில் முன்னோருக்கென்று இருட்டறையும் இல்லை.
மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது.

பதினோரு கோழிகள்.
பத்தை வெறும் கோழியாகத்தான் அறுத்தேன்.
பதினோராவதன் வயிற்றைக் கீறியதும்
கண் தானாகக் குனிந்துவிட்டது.

எழுத்தறிந்தவனால்
சுவரொட்டியைப் படிக்காமல் தாண்டிப் போக முடியுமா?
முப்பது வருடம் நான் வாசித்த எழுத்து.
குடலின் இரண்டு மேடு, நடுவில் ஓடும் கோடு,
வலப்பக்கம் வீட்டார், இடப்பக்கம் வேற்றார்.
கோடு அறுந்தால் போனவன் வழி அறுந்தது.

அறுந்திருந்தது.

அன்று மாலை வைகேலோ துறையில்
மகன் லேரோ கப்பல் ஏறுகிறான்,
கடல் தாண்டி, செம்பனைத் தோட்ட வேலைக்கு.
அடையாள அட்டையில் மதம் என்ற இடத்தில்
வெறும் கோடு இருந்த எனக்கு
அதை மாற்றி வாங்கி வந்தவன் அவன்தான்.
"செத்தவர்களுக்கு எருமை வெட்டியே
இருப்பவர்களைக் கடனில் கொல்கிறோம்" என்பான்.
சரிதான். நான் வந்தது அதற்காக அல்ல.

சின்னவள் காய்ச்சலில் போனபோது
மராபு ஆவிகள் கேட்டன, யார் செய்த குற்றம் என்று.
ஈட்டி பிடித்துக் கேட்டுச் சொன்னவன் நானே.
என் வாயில்தான் வந்தது
என் மனைவி வின்யோவின் பெயர்.
ஊரே அவளைப் பார்த்தது.
அவள் ஈட்டியைப் பார்த்தாள்.

போதகரின் மனைவி வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சோளம் இடித்து வைத்துவிட்டுப் போனாள்.
மறுநாளும் வந்தாள். மறுநாளும் கேட்கவில்லை.
கேள்வி இல்லாத அந்த உலக்கைச் சத்தத்தின் பின்னால்தான்
நான் நடந்து வந்தேன்.

"என்ன?" என்றாள் வின்யோ, கீரைக் கூடைக்கு அப்பாலிருந்து.
"பித்தப்பை உடைஞ்சிடுச்சு" என்றேன்.
குடலை நாய்க்கு வீசினேன்.
அது முகர்ந்தது, வாசிக்காமல் தின்றது.

வாழைமர மறைவில் போய் நின்றேன்,
விரலெல்லாம் இறகு.
எங்கள் பழைய பேச்சு எப்போதும் இரட்டை:
வாசலில் நிற்கும் குதிரையே,
அடுப்படியில் கிடக்கும் நாயே.
ஒற்றை வரியை எந்த ஆவியும் காதில் வாங்காது.
ஒற்றைக் காலில் நிற்பவன் உளறல் அது.
கப்பலுக்கு ஜோடி தெரியும் எனக்கு,
கடலுக்கும் தெரியும், மகனுக்கும்.
அவற்றையெல்லாம் விழுங்கிக்கொண்டு சொன்னேன்:

பிதாவே, என் மகன் கடலில்.

நாக்கு காத்திருந்தது,
படி இருக்கும் என்று இருட்டில் தூக்கிய கால்போல.
"அப்பனிடம் பேசுவதுபோல் பேசுங்கள்" என்பார் போதகர்.
என் அப்பன் ஜோடியாகத்தான் பேசுவார்,
திட்டும்போதுகூட.

இரவு ஒன்பதுக்குக் கைப்பேசி அடித்தது.
இரைச்சல். காற்றோ, இயந்திரமோ.
"அப்பா."
கொஞ்சம் சும்மா இருந்தான்.
பிறகு பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி
"இன்னைக்குக் கோழி எதுவும்... பாத்தீங்களா?"

என்னைக் கைபிடித்துப் போதகரிடம் கூட்டிப்போனவன்.

"பதினொண்ணு பாத்தேன்" என்றேன்.
"குழம்புல உப்புதான் அதிகம்."
சிரித்தான்.
சிரிப்பின் பாதியில் இணைப்பு அறுந்தது.

வின்யோ விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறாள்.
அவளுக்குத் தெரியும், எந்தக் கோழிக்கும்
என் கையில் பித்தப்பை உடைந்ததில்லை.
வெற்றிலை மடித்தேன், வழக்கம்போல் இரண்டு.
ஒன்றைத் தூணடியில் வைக்கப் போன கை
பாதியில் நின்றது.
இரண்டையும் நானே மென்றேன். காரம்.
கண்ணில் நீர் வந்தது காரத்தால்தான்.

பிதாவே, என் மகன் கடலில்.